கோடையில் ஏரி மீன்: தூண்டிலும் இரையும்

பங்குனி பிறந்துவிட்டால் நமது ஏரிகளும் அணைகளும் நாளுக்கு நாள் சுருங்குகின்றன. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. கோடையில் மட்டம் வெகுவாக இறங்கிய ஆண்டுகளில், பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தலை காட்டும். கரையோரத்து மக்கள் அதைக் கொண்டே தண்ணீரின் அளவைச் சொல்லிவிடுவார்கள். நீர் பரப்பிலும் ஆழத்திலும் குறையும்போது, பரந்து திரிந்த மீன் நெருங்கி வந்து சேருகிறது. உழவு வேலை ஓய்ந்திருக்கும் இந்த மாதங்களில் ஏரிக்கரை விவசாயிகள் பலரும் தூண்டிலைக் கையில் எடுப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் "கோடையில் மீன் எளிதில் சிக்கும்" என்பது பாதி உண்மைதான். காலை முதல் மாலை வரை உட்கார்ந்தும் தக்கை அசையாமல் திரும்பி வருகிறவர்கள் ஏராளம். வெயில் காலத்தில் தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த இரையைப் போட வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

வெந்நீரில் மூச்சு குறைவு

மீன் சுவாசிப்பது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை. நீர் சூடேற ஏற அதில் கரையும் பிராணவாயு குறைகிறது. 20 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராம்தான். 35 டிகிரியில் 7 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது.

மறுபக்கம், மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தோடு சேர்ந்தே ஏறும், இறங்கும். நீர் சூடானால் மீனின் உடலில் நடக்கும் வேலைகள் வேகமாகின்றன. அதற்கு அதிகப் பிராணவாயுவும் அதிக உணவும் தேவைப்படுகின்றன. ஆக, வரவு குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் நிலைதான் கோடை மீனின் நிலை. பசி இருக்கும். ஆனால் மூச்சு போதாத இடத்தில் மீன் இரையைத் தொடாது. கெண்டை இனங்களுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் பிராணவாயு இருந்தால் நல்லது. 3-க்குக் கீழே போனால் அவை சோர்ந்து இரை எடுப்பதை நிறுத்திவிடும்.

ஒரு நாளுக்குள்ளும் இந்த அளவு மாறுகிறது. பகலில் வெயில் படும்போது நீரிலுள்ள பச்சைப் பாசி பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவில் அதே பாசியும் பிராணவாயுவைச் செலவழிக்கிறது. எனவே பொழுது விடியும் முன்புதான் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். பாசி அடர்ந்த ஏரியில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அது மீன் இரை தேடும் காட்சி அன்று. மூச்சுக்குத் தவிக்கும் காட்சி.

எந்த நேரம்?

நீர் தெளிவாக இருக்கும் பெரிய அணைகளில் விடியற்காலையும் அந்தி நேரமும் ஏற்றவை. வெயில் ஏறியதும் மீன் ஆழத்துக்குப் போய்விடும்.

பாசி படர்ந்து பச்சையாக இருக்கும் ஏரிகளில், இருட்டோடு எழுந்து போவதில் பயனில்லை. வெயில் பட்டு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கழித்துத் தூண்டில் போடுவதே சரி. அதாவது காலை ஏழரை முதல் பத்து வரை. பிறகு மாலை நான்கரைக்கு மேல் இருட்டும் வரை.

உங்கள் ஏரி எந்த வகை என்று அறிய எளிய சோதனை உண்டு. முழங்கை நனையும் வரை கையை நீரில் நேராக விடுங்கள். உள்ளங்கை தெரிந்தால் நீர் தெளிவு. கை பாதி இறங்கும் முன்பே உள்ளங்கை மறைந்து, நீரும் பச்சையாக இருந்தால் பாசி மிகுதி. நீர் செம்மண் நிறமாக இருந்தால் அது வண்டல் கலங்கல். பாசி என்று எண்ணிவிடக் கூடாது.

மேகமூட்டமும் காற்றில்லாத புழுக்கமும் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் இருந்தால் தூண்டிலுக்கு ஓய்வு கொடுக்கலாம். அப்போது பாசி பிராணவாயு தருவதும் குறைவு, காற்று நீரைக் கலக்குவதும் இல்லை. கோடை மழை பெய்து ஓடையில் புது நீர் வந்தால், மறுநாள் காலை அந்த வாய்க்கால் முகத்தில் மீன் கூடும். குளிர்ந்த நீரும், அடித்து வரும் புழு பூச்சிகளும் மீனை இழுக்கின்றன.

எந்த இடம்?

காற்று வீசும் திசையைப் பாருங்கள். காற்று எந்தக் கரையை நோக்கி அலையைத் தள்ளுகிறதோ அந்தக் கரையே நல்லது. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் அங்கே ஒதுங்கும். அலை அடிப்பதால் பிராணவாயுவும் அங்கே கூடுதல். ஆழியாறு, அமராவதி போன்ற அணைகளில் வைகாசி முதல் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று பலமாக வீசும். அப்போது கிழக்குப் பக்கக் கரைகளைத் தேர்ந்தெடுக்கலாம். காற்றுக்கு எதிரே தூண்டில் வீசுவது சிரமம்தான். அந்தச் சிரமத்துக்குப் பலன் உண்டு.

நீர் வற்றிய பெரிய ஏரியில், மதகுப் பள்ளம், பழைய ஓடைத் தடம், மண் எடுத்த குழி ஆகிய ஆழமான இடங்களில்தான் மீன் பகலைக் கழிக்கும். ஆழத்தின் ஓரத்தில், அதாவது மேடு பள்ளமாகச் சரியும் விளிம்பில் இரையைப் போட வேண்டும். மிக ஆழமான அணைகளில் கோடையில் அடிநீர் மேல்நீரோடு கலவாமல் தங்கிவிடுவது உண்டு. அந்த அடிநீரில் பிராணவாயு குறைவு. ஆகவே ஆழம் அதிகம் என்பதற்காக அடிமட்டம் வரை இரையை இறக்குவது எப்போதும் சரியாகாது.

எந்த மீனுக்கு எந்த இரை?

மீனின் வாயைப் பார்த்தால் அதன் உணவு இருக்கும் இடம் தெரியும். கட்லாவின் வாய் மேல்நோக்கி இருக்கிறது. அது மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும். ரோகு நடுமட்டத்தில் மேயும். மிர்காலின் வாய் கீழ்நோக்கியது. அது தரையில் உள்ள மக்கிய பொருள்களைத் தின்னும். சாதா கெண்டையும் தரையைக் கிளறித் தின்னும் மீனே.

கெண்டை இனங்களுக்கு நம்மைப் போல் தனி இரைப்பை கிடையாது. ஒரே வேளையில் வயிறு நிறையத் தின்று சும்மா இருப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை தின்னும். ஆகவே பெரிய உருண்டையைவிட, சிறிதாகவும் மணமாகவும் உள்ள இரையே அவற்றுக்கு ஏற்றது.

கட்லாவுக்கு: கடலைப் புண்ணாக்கு 2 பங்கு, வறுத்த தவிடு 1 பங்கு. இரண்டையும் இடித்துச் சலித்துச் சிறிது நீர் தெளித்து எலுமிச்சை அளவு உருட்டவும். நீரில் விழுந்ததும் மெல்லக் கரைந்து தூளாக மிதக்க வேண்டும். கட்லா இந்தத் தூளைத்தான் உறிஞ்சும். உருண்டையைச் சுற்றி மூன்று நான்கு முட்களைத் தொங்கவிட்டு, தக்கையின் உதவியால் அரை ஆழத்துக்கு மேலேயே நிறுத்த வேண்டும்.

ரோகு, மிர்கால், சாதா கெண்டைக்கு: கோதுமை மாவு 2 பங்கு, வறுத்துப் பொடித்த புண்ணாக்கு 1 பங்கு, வாசனைக்குச் சிறிது வெந்தயப் பொடி. இவற்றை வெந்நீர் விட்டுச் சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகப் பிசையவும். கேழ்வரகுக் களியும், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும்கூட நல்ல இரைகளே. ரோகுவுக்கு நடுமட்டத்திலும், மற்ற இரண்டுக்கும் தரையிலும் போட வேண்டும். மண்புழு இம்மூன்றும் விரும்பும் இரை.

ஜிலேபி கெண்டைக்கு: மண்புழுத் துண்டு, மாவு, பாசி எதுவும் போதும். வாய் சிறியது, சிறிய முள்ளே ஏற்றது. முள் வாங்கும்போது எண் கூடக் கூட முள் சிறியதாகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இந்த மீன் 1952-இல் நமது நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. வெப்பத்தையும் குறைந்த பிராணவாயுவையும் தாங்கி மிக வேகமாகப் பெருகி, மற்ற மீன்களின் உணவுக்குப் போட்டியாக நிற்கிறது. ஏரியில் இது அதிகமாக இருந்தால் தயங்காமல் பிடிக்கலாம்.

விராலுக்கு: உயிருள்ள சிறு மீன், இறால், தடித்த மண்புழு. விராலுக்குக் காற்றைச் சுவாசிக்கும் துணை உறுப்பு தலைக்குள் இருக்கிறது. ஆகவே மற்ற மீன்கள் தவிக்கும் சேற்று நீரிலும் அது இருக்கும். ஆனால் அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். செடி கொடிகளுக்கு இடையே அது மேலே வந்து போகும் இடத்தைக் கவனித்து அங்கே போடவும். தவளையைக் கோத்துப் போடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. வயலில் பூச்சிகளைத் தின்று நமக்கு உதவும் தவளையை முள்ளில் கோப்பது விவசாயிக்கு நட்டமே. சிறு மீன் போதுமானது.

வாளை, கெளுத்திக்கு: கோழிக்குடல், மீன் துண்டு. இருட்டிய பின் தரையோடு தரையாகப் போட வேண்டும். கெளுத்தியின் முதுகு முள்ளும் பக்க முட்களும் கையைக் கிழிக்கும். தேளி மீனின் முள் குத்தினால் கடுப்பு பொறுக்க முடியாது. குத்திவிட்டால், கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் குத்திய இடத்தை வைத்திருந்தால் வலி தணியும். வீக்கம் கூடினால் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இரை சரியான பதத்தில் இருக்கிறதா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். முள்ளில் கோத்த மாவை ஒரு தம்ளர் நீரில் தொங்கவிடுங்கள். பத்து நிமிடம் முள்ளில் நிற்க வேண்டும். அதே சமயம் ஓரங்கள் கரையத் தொடங்க வேண்டும். உடனே உதிர்ந்தால் மாவு சேர்க்கவும். கல்லைப் போல் நின்றால் தவிடு சேர்க்கவும்.

மண்புழுவை வாழைத் தோட்டத்து வாய்க்கால் ஓரத்திலும் சாணக் குழி ஓரத்திலும் எடுக்கலாம். பூச்சி மருந்து அடித்த வயலில் எடுக்க வேண்டாம். ஈர மண்ணுடன் ஓட்டை போட்ட தேங்காய்ச் சிரட்டையில் வைத்து ஈரத்துணியால் மூடினால் வெயிலில் சாகாது.

நான் சொல்லாமல் விட்ட ஒன்று

தூண்டில் போடும் இடத்தில் முதல் நாளே கொஞ்சம் புண்ணாக்கும் தவிடும் தூவி மீனைப் பழக்குவது நல்ல முறை. இதை நான் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் சித்திரை மாதக் கூட்டத்திலும் சொன்னேன். எவ்வளவு தூவ வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

அந்த ஊர் ஏரியில் அப்போது நாலைந்து ஏக்கர் அளவுக்குத்தான் தண்ணீர் இருந்தது. மீன் பாசியைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஐந்து பேரும் சிறு விவசாயிகள். தெரிந்தவர்களுக்குத் தூண்டில் போட அனுமதி கொடுத்திருந்தார்கள். திருவிழாவுக்கு வந்த இளைஞர்கள் என் பேச்சைக் கேட்டு, மூன்று மாலைகளில் இரண்டு மூட்டைப் புண்ணாக்கைக் கொட்டிவிட்டார்கள். மேகமூட்டமான நாட்கள் வேறு. நான்காம் நாள் விடியலில் ஏரி முழுவதும் மீன் வாயைத் திறந்து மிதந்தது.

தகவல் கேட்டு நான் போனபோது, இரண்டு எண்ணெய் எந்திரங்களை வைத்து ஏரி நீரையே இறைத்து, உயரத்திலிருந்து மறுபடியும் ஏரியிலேயே விழச் செய்துகொண்டிருந்தார்கள். அது அவர்களே செய்த யோசனை, சரியான யோசனை. நீர் காற்றில் சிதறி விழும்போது பிராணவாயுவை ஏற்றுக்கொள்கிறது. பெரிய மீனை வலை போட்டு எடுத்து உடனே விற்றார்கள். பாதிக்கு மேல் தப்பியது. செத்தவை பெரும்பாலும் கட்லாவும் ரோகுவும். விராலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மீன் தின்னாமல் விட்ட புண்ணாக்கு நீரில் அழுகும்போது பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது. கோடையில் வெப்பம் அந்த அழுகலை விரைவுபடுத்துகிறது. குத்தகைக்காரர்களில் மூத்தவர் என்னிடம் கோபப்படவில்லை. "அளவையும் சொல்லியிருக்கலாமேய்யா" என்று மட்டும் கேட்டார். அன்று முதல் எந்தக் கூட்டத்திலும் அளவைச் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்குவதில்லை.

ஆகவே அளவு இதோ: ஒரு தூண்டில்காரருக்கு ஒரு நாளைக்கு இரண்டு கைப்பிடி போதும். நீர் வற்றிய ஏரியில் பத்துப் பேர் தூண்டில் போட்டால், அனைவருக்கும் சேர்த்து இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். முதல் நாள் போட்டது மறுநாள் கரையில் புளித்து நாறினால், அல்லது விடியற்காலையில் மீன் வாயைத் திறந்தால், ஒரு பிடிகூடப் போடக் கூடாது.

பிடிக்கக் கூடாதவை

கோடையின் கடைசியில் கெண்டை மீன்கள் சினையோடு இருக்கும். மழை வெள்ளம் வந்ததும் முட்டையிடும். ஒரு கிலோ எடைக்குச் சுமார் ஒரு லட்சம் அளவில் முட்டைகள் ஒரு தாய் மீனின் வயிற்றில் இருக்கும். வைகாசியில் வயிறு பருத்த பெரிய மீன் சிக்கினால், கையை நனைத்துக்கொண்டு முள்ளை எடுத்து, நீரிலேயே சிறிது நேரம் பிடித்திருந்து விட்டுவிடுவது நல்லது. உலர்ந்த கையால் பிடித்தால் மீனின் மேலுள்ள வழுவழுப்புப் போய், பின்னர் நோய் பிடிக்கும்.

விரால் தன் குஞ்சுகளைக் காவல் காக்கும் மீன். நீரின் மேல் செந்நிறக் குஞ்சுகள் பந்து போல் கூடி நகர்வதைக் கண்டால், அடியில் தாயும் தந்தையும் இருக்கும். அந்த இடத்தில் தூண்டில் போட்டால் பெற்றவை நிச்சயம் பாயும், சிக்கும். ஆனால் காவல் போன குஞ்சுக் கூட்டத்தை மற்ற மீன்கள் அன்றே தீர்த்துவிடும். ஒரு மீனுக்காகப் பல நூறு மீனை இழப்பது கணக்குக்கு ஒத்துவராது.

வெடி வைப்பதும், நீரில் நஞ்சு கலப்பதும் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படி குற்றம். அணைகளிலும் ஏரிகளிலும் மீன்பிடி உரிமை அரசுக்கோ, சங்கத்துக்கோ, குத்தகைக்காரருக்கோ உரியது. அனுமதி பெற்ற பிறகே தூண்டில் போட வேண்டும்.

பாதுகாப்பு

வற்றிய ஏரியில் மேலே காய்ந்து வெடித்துத் தெரியும் சேறு, அடியில் இடுப்பளவு புதைக்கும். மதகுப் பள்ளத்தில் இறங்கக் கூடாது. சிறுவர்களைத் தனியே அனுப்பக் கூடாது. அமராவதி, சாத்தனூர், பவானிசாகர் போன்ற அணைப் பகுதிகளில் முதலைகள் உண்டு. அங்கே முழங்கால் அளவு நீரில் நின்று தூண்டில் போடுவதும் ஆபத்து. இடி இடித்தால் கழியைக் கீழே போட்டுவிட்டுக் கரையை விட்டு வந்துவிட வேண்டும்.

பிடித்த மீன் வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்தில் கெடத் தொடங்கும். குடலையும் செவுளையும் உடனே நீக்கிக் கழுவி, மீனின் எடைக்குச் சம எடை ஐஸ் கட்டி போட வேண்டும். ஐஸ் இல்லாவிட்டால் நனைத்த சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, அன்றே சமைத்துவிட வேண்டும். நெகிழிப் பையில் கட்டி வைத்தால் விரைவில் கெட்டுவிடும்.

கோடை நீர் குறைந்த முதலைப் போன்றது. அதை வைத்துத்தான் அடுத்த மழைக்குப் பிறகு ஏரி மறுபடியும் மீனால் நிறைய வேண்டும். காற்றையும் நேரத்தையும் பார்த்து, மீனின் வாய்க்கேற்ற இரையை அளவோடு போட்டு, சினை மீனையும் குஞ்சு காக்கும் விராலையும் விட்டுப் பிடித்தால், வீட்டுக்குக் குழம்பும் கிடைக்கும். அடுத்த ஆண்டுக்கு ஏரியில் மீனும் இருக்கும்.